மாமியின் முழங்காலும் சின்னவளின் சத்தியும்

கேள்வி: ஆவணி விடுமுறைக்கு வான் வண்டியில் மலைநாடு போக இருக்கிறோம். ஒரே மூச்சில் நுவரெலியா, மறுநாள் எல்ல, மூன்றாம் நாள் வீடு என்கிறார் இவர். மாமிக்கு எழுபது வயது, முழங்கால் நோ. சின்னவளுக்கு வளைவில் சத்தி (வாந்தி) வரும். ஏலாது என்றால் வீட்டில் சண்டை. என்ன செய்வது?
வாசகி, உப்புவெளி

பதில்: அன்புத் தங்கைக்கு,

போங்கள், மாமியையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். மாற்ற வேண்டியது உங்கள் வீட்டுக்காரரின் கணக்கைத்தான்.

திருகோணமலையிலிருந்து கண்டி வழியாக நுவரெலியா ஏறத்தாழ 250 கிலோமீற்றர். தூரம் பெரிதல்ல, ஏற்றம்தான் பெரிது. கடற்கரையில் புறப்பட்டு 1868 மீற்றர் உயரத்துக்குப் போகிறீர்கள். அதில் பெரும்பகுதி கம்பளை தாண்டி, புசல்லாவை, றம்பொடை வளைவுகளில், எல்லோரும் களைத்த பிறகு வருகிறது. அதனால் முதல் நாள் மாத்தளையோடு நில்லுங்கள். முத்துமாரியம்மன் கோவில் பிரதான வீதியிலேயே இருக்கிறது. மாமி ஆறுதலாகக் கும்பிடட்டும்.

தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்குப் போகும்போது பிள்ளைகளைத் தூங்க விடாதீர்கள். தென்னிந்தியாவிலிருந்து, பிறகு தேயிலைக்கு மாறிய கோப்பித் தோட்டங்களுக்கு வந்த சனம் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்துதான் மாத்தளைக்கு வந்தது. காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைத்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தே போனார்கள். இதைச் சொல்லிக் கூட்டிப்போனால் மறுநாள் தேயிலை மலையைப் பிள்ளைகள் வேறு கண்ணால் பார்ப்பார்கள். கொழுந்து பறிக்கிற அம்மாவைக் கண்டதும் வான் கண்ணாடியை இறக்கிப் போனை நீட்டாதீர்கள். இறங்கி வணக்கம் சொல்லி, நாலு வார்த்தை கதைத்து, அவர் சம்மதித்தால் படம் எடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சின்னவளை முன்னால் பாதை தெரிகிற இருக்கையில் வையுங்கள். கையில் போன் வேண்டாம். வயிறு வெறுமையாகவும் இருக்கக்கூடாது, எண்ணெய்ப் பலகாரத்தால் நிரம்பியும் இருக்கக்கூடாது. பயணச் சத்திக்கான குளிசையை டொக்டரிடம் கேட்டு, வயதுக்குரிய அளவில் புறப்படுவதற்கு முன்பே கொடுங்கள். வளைவு தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை.

நன்றாக விடிந்த பிறகு புறப்படுங்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை குறுக்கிடும், திரும்பும்போதும் இருட்டுக்கு முன் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுங்கள். கண்டியில் பெரஹரா ஊர்வல நாட்களானால் மாலையில் வீதிகளை மூடுவார்கள், முற்பகலிலேயே நகரைக் கடப்பது நல்லது. மலை இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நமக்கு வெயில் கொளுத்துகிற ஆவணியில் நுவரெலியாவில் மழையும் பனிமூட்டமும்தான். தென்மேற்குக் காற்று அங்கே மழையைக் கொட்டிவிட்டு ஊவாப் பக்கம் காய்ந்த காற்றாக இறங்கும். ஆகவே நுவரெலியாவில் ஒரு இரவு போதும். ஊவாவிலுள்ள பண்டாரவளையில் இரண்டு இரவு தங்குங்கள். எல்லவை அங்கிருந்தே பார்க்கலாம். பிறகு பதுளை, மகியங்கனை வழியாக இறங்குங்கள்.

வீட்டுக்காரரிடம் "மாமிக்கு ஏலாது" என்று தொடங்காதீர்கள். தன் தாயைச் சாட்டு வைக்கிறீர்கள் என்று அவருக்குப் படும். வரைபடத்தை விரித்து, எந்த இரவு எங்கே தங்குவது என்று அவரையே குறிக்கச் சொல்லுங்கள். மாமியும் பக்கத்தில் இருக்கட்டும், அவருக்கு எது விருப்பம் என்று மகன் கேட்கட்டும்.

முன்பணம் கட்ட முன், அறை கீழ்த்தளத்திலா, கொமட் இருக்கிறதா, இரவிலும் சுடுதண்ணி வருமா என்று போனில் கேட்டுவிடுங்கள். மாமிக்குக் கம்பளிப் போர்வையும் காலுக்கு இரண்டு சோடி மேஸும் எடுத்து வையுங்கள்.