ஒதுக்கின காசு எங்கே போகிறது? பாதீடு பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி பதில்

வணக்கம். முதலில் வடக்கு–கிழக்கு மாகாண நிர்வாகத்திலும், 2007 இல் இரண்டும் பிரிந்த பிறகு வட மாகாணத்திலும் கணக்குப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். மாகாண நிதியும் உள்ளூராட்சி வரியும் அரச கணக்கும் எனக்குப் பழகிய வேலை. வருமான வரி பற்றித் தெரிந்த அளவுக்குச் சொல்வேன். காணி வழக்கும் ஓய்வூதியச் சிக்கலும் இன்றைக்கு வேண்டாம். ஒன்றை மட்டும் முதலே சொல்லிவிடுகிறேன்: பாதீட்டில் எழுதியிருப்பது ஒதுக்கீடு. ஒதுக்கீடு காசு அல்ல.

கோண்டாவில், தாதிய உத்தியோகத்தர்: மேலதிக நேரமும் சேர்த்து மாசம் 2 இலட்சத்து 20 ஆயிரம் வருது அண்ணை. வரிச்சலுகை எண்டு சொல்லீனம். எனக்கு எவ்வளவு குறையும்?

2025 பாதீட்டில் மாதம் 1 இலட்சமாக இருந்த வரிவிலக்கு எல்லையை 1 இலட்சத்து 50 ஆயிரமாக உயர்த்தினார்கள். ஏப்ரல் 1 இல் இருந்து நடைமுறை. முன்பு ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 6, 12, 18 என்று வீதம் ஏறியது. இப்போது விலக்குக்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கும் 6 வீதம்தான்.

உங்கள் வருட வருமானம் 26 இலட்சத்து 40 ஆயிரம். 18 இலட்சத்தைக் கழித்தால் மிச்சம் 8 இலட்சத்து 40 ஆயிரம். அதில் 6 வீதம் 50,400 ரூபா, மாதம் 4,200. பழைய கணக்கில் மாதம் 14,100 வெட்டியிருப்பார்கள். ஆக மாதம் 9,900 ரூபா கையில் மிஞ்சுகிறது. சம்பளத் துண்டை எடுத்து ஒருக்கால் சரிபாருங்கள் தங்கச்சி.

இது நல்ல சலுகைதான். ஆனால் மாதம் 1 இலட்சத்துக்கு மேல் எடுத்தவர்களுக்குத்தான் இது சலுகை. குருநகரில் வலை இழுக்கிறவர் சவர்க்காரம் வாங்கும்போது கொடுக்கிற 18 வீத வற் (பெறுமதி சேர்) வரியில் ஒரு சதமும் குறையவில்லை. வரிச்சலுகை என்ற சொல்லைக் கேட்டால் ‘யாருக்கு’ என்று நான் முதலில் கேட்பது அதனால்தான்.

மானிப்பாய், ஓய்வுபெற்ற ஆசிரியை: பிள்ளையள் அனுப்பின காசை நிலையான வைப்பில போட்டிருக்கிறன். வட்டியில 10 வீதம் வெட்டுகினம் ஐயா. 5 வீதம்தானே இருந்தது?

2025 ஏப்ரலில் இருந்து 10 வீதம், ரீச்சர். உங்கள் எல்லா வருமானமும் சேர்த்து வருடத்துக்கு 18 இலட்சத்துக்கு உட்பட்டதென்றால் வங்கியில் சுயபிரகடனப் படிவம் நிரப்பிக் கொடுங்கள். வரி செலுத்துநர் இலக்கம் வேண்டும். கொடுத்தால் வெட்டமாட்டார்கள். ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்.

கொடிகாமம், பலசரக்குக் கடை: வற் வரிக்குப் பதியச் சொல்லி வருவினமோ?

2025 இல் வருட விற்பனை 6 கோடிக்கு மேல் போனால்தான் கட்டாயமாக இருந்தது. 2026 பாதீட்டில் அந்த எல்லையை 3 கோடி 60 இலட்சமாக, 2026 ஏப்ரலில் இருந்து இறக்க முன்மொழிந்தார்கள். இலாபத்தை விட்டுவிட்டு விற்பனையைக் கணக்குப் பாருங்கள். பலர் அதில்தான் பிழை விடுகிறார்கள்.

திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவன்: தமிழ்நாட்டில பெண்களுக்கு மாசம் 1,000 ரூபா குடுக்கினம். எங்கட மாகாணமும் பாதீடு போடுதுதானே, ஏன் அப்பிடி ஒண்டு செய்யேலாது?

தம்பி, இந்தக் கேள்விக்கு ஆறுதலாகப் பதில் சொல்ல வேண்டும்.

தமிழ்நாடு 2023 செப்டெம்பரில் அந்த உரிமைத் தொகையைத் தொடங்கும்போது அதன் கையில் சொந்த வரிகள் இருந்தன: சரக்கு சேவை வரியில் மாநிலப் பங்கு, மதுவுக்கும் பெற்றோலுக்கும் வரி, பத்திரப் பதிவு. அதற்கு மேல் மத்திய வரியில் 41 வீதம் மாநிலங்களுக்குப் பகிரப்படுகிறது. எதற்கு முன்னுரிமை என்று தீர்மானிக்கத் தெரிவான சட்டமன்றமும் இருக்கிறது.

எங்களிடம் என்ன இருக்கிறது? 13 ஆவது திருத்தத்தோடு 1987 இல் மாகாண சபைச் சட்டம் வந்தபோது மொத்த, சில்லறை விற்பனை மீதான புரள்வு வரி மாகாணத்துக்கு இருந்தது. சொல்லிக்கொள்ளும்படியான ஒரே வரி அதுதான். அதை 2011 இல் நிறுத்தினார்கள். அதற்கு ஈடாகத் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கு தந்தார்கள். 2019 டிசம்பரில் அந்த வரியையே ஒழித்தார்கள். இப்போது மிஞ்சியிருப்பவை வாகன அனுமதிப்பத்திரக் கட்டணம், முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் போன்றவை. முத்திரைத் தீர்வையும் தண்டப்பணமும்கூட உள்ளூராட்சி மன்றங்களுக்குப் போய்விடும்.

மற்றதெல்லாம் நிதி ஆணைக்குழுவின் சிபாரிசில் திறைசேரி தருகிற நன்கொடை. அதிலும் பெரும்பகுதி ஆசிரியர், சுகாதார ஊழியர் சம்பளம். சம்பளம் போக அபிவிருத்திக்கென்று மிஞ்சுவதில்தான் வீதி, பாடசாலைக் கட்டடம், குளத்துக் கட்டு எல்லாம். 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்ததில் இருந்து தேர்தலும் இல்லை. ஆளுநர் ஒப்பமிடுகிறார், வேலை நடக்கிறது. எதை முதலில் செய்வது என்று எங்கள் பக்கத்தில் நின்று வாதாட ஒரு சபை இல்லை. இது என் மனதை ஆழமாக நோகச் செய்கிற விடயம்.

உரும்பிராய்: வட்டியில வெட்டுறது பற்றி...

மானிப்பாய் ரீச்சருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

வட்டுக்கோட்டை: ஒவ்வொரு வருசமும் பேப்பரில ‘வடக்கின் நிதி திரும்பியது’ எண்டு வருது. குடுத்த காசைச் செலவழிக்கத் தெரியாத ஆக்கள் ஏன் கதிரையில இருக்கினம்?

இதற்காகத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன்.

பெரும்பாலான வருடங்களில் திரும்பினது காசு அல்ல. வராத காசுதான் ‘திரும்பியது’ என்று செய்தியாகிறது. முறை இதுதான். ஜனவரியில் ஒதுக்கீடு வரும். அது உரிமை மட்டும். செலவழிக்கக் கட்டுநிதி, அதாவது கைக்கு வருகிற காசு, வேண்டும். அதை மாதாமாதம் திறைசேரி விடுவிக்க வேண்டும். கட்டுநிதி கேட்டுக் கடிதம் எழுதினால் கேட்டதில் ஒரு பங்கு வரும், சில மாதம் அதுவும் வராது. பிறகு ஒக்டோபர், நவம்பரில் ஒரேயடியாகக் கொட்டும். டிசம்பர் 31 இரவோடு ஒதுக்கீடு காலாவதி.

யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் தொடங்கினால் மாரி. கொழும்பில் கையெழுத்து வைக்கிறவருக்கு அது ஒரு மாதத்தின் பெயர். எங்களுக்கு வெள்ள வாய்க்கால்.

நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். தென்மராட்சியில் ஓர் ஒழுங்கை, வயல் கரையோடு போகிறது. காசு நவம்பரில் வந்தது. டிசம்பர் மூன்றாம் கிழமை, இரண்டு மழைக்கு நடுவில் வெயில் காட்டிய ஒரு பின்னேரம், கல்லுப் பரவித் தார் ஊற்றினார்கள். கல்லு ஈரம். தாருக்குக் கீழே ஆவி எழும்பியது. 31 ஆம் திகதி இரவு பத்து மணிக்கு அந்த வவுச்சர் என் மேசைக்கு வந்தது. அளவு சரி, கையெழுத்துச் சரி, எல்லாம் சரி. ஒப்பமிட்டேன். தைப்பொங்கல் கழிந்து அந்த வழியால் போனபோது சைக்கிளை நிறுத்தி ஓரத்தை விரலால் நெம்பினேன். தார் அப்பளம் போலக் கையோடு வந்தது. செலவு 100 வீதம் என்று அந்த வருட அறிக்கையில் எழுதியிருக்கிறோம்.

சாவகச்சேரி, கொந்தராத்துக்காரர்: ஐயா, மழையிலயும் திறைசேரியிலயும் மட்டும் பழியைப் போடாதேங்கோ. ஓகஸ்ட் மட்டும் எஸ்டிமேட்டே கிடக்கும். ரெண்டர் செப்டெம்பரிலதான் கூப்பிடுவினம். அதுக்கு ஆரு பொறுப்பு?

அதற்கு நாங்கள்தான் பொறுப்பு. மறுக்கவில்லை. பெறுகைத் திட்டத்தை முந்தின வருடமே தயாரிக்கலாம். மார்ச்சுக்குள் விலைமனுக் கோரலாம். சில திணைக்களங்கள் செய்தன, பல செய்யவில்லை. ஆனால் மார்ச்சில் வேலையைத் தந்தால் பில்லுக்குக் காசு எப்போது வரும் என்று எங்களால் உறுதி சொல்ல முடிந்ததா? நீங்களே சொல்லுங்கள்.

சாவகச்சேரி, கொந்தராத்துக்காரர்: அதுதான் நானும் சொல்லுறன். மே மாசம் முடிச்ச மதகுக்கு அடுத்த மார்ச்சிலதான் காசு. கல்லுக்காரனுக்கும் மேசன்மாருக்கும் மனுசியின்ர நகையை அடகு வைச்சுக் குடுத்தனான். வட்டியை ஆர் தாறது? அடுத்த முறை விலை போடேக்க அந்த வட்டியையும் சேர்த்துத்தான் போடுவன்.

இதை எல்லோரும் வடிவாக வாசியுங்கள். காசு பிந்தினால் வேலை பிந்துவதோடு முடிவதில்லை, விலையும் ஏறுகிறது. பழைய பில் அடுத்த வருட ஒதுக்கீட்டைத் தின்கிறது, புது வீதியின் நீளம் குறைகிறது. ஐயா சொல்வதும் நான் சொல்வதும் ஒரே நோயின் இரண்டு பக்கம்.

ரொறன்ரோ: அண்ணை, நாங்கள் ஊர்ச் சங்கத்தால காசு அனுப்பி எங்கட ஒழுங்கையை நாங்களே போடுறம். அரசாங்கம் ஏன்?

பாடசாலைக்குக் கட்டடம் கொடுக்கிற பழைய மாணவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் சங்கம் உள்ள ஊருக்கு வீதி, இல்லாத ஊருக்குச் சேறு என்று ஆகக்கூடாது. ஒழுங்கை பிரதேச சபைச் சொத்து. அனுமதியில்லாமல் போட்டால் பராமரிப்பும் இல்லை. வெளிநாட்டுக் காசை முறையாக உள்வாங்கத்தான் மாகாண சபை முதலமைச்சர் நிதியத்துக்கு நியதிச்சட்டம் கொண்டுவந்தது. இசைவு கிடைக்காமல் இழுபட்டுப் போயிற்று.

வட்டுக்கோட்டை: அப்ப 2025 பாதீட்டில வடக்கு வீதியளுக்கு 500 கோடி எண்டதும் வெறும் பேச்சோ?

அப்படிச் சொல்லமாட்டேன். வட்டுவாகல் பாலத்துக்கு 100 கோடி ஒதுக்கி, 2025 செப்டெம்பர் 2 இல் வேலையைத் தொடக்கி வைத்தார்கள். நந்திக்கடலைக் கடக்கிற அந்த உடைந்த பாலத்தால் போனவர்களுக்கு அதன் அருமை தெரியும். தேவையான முதலீடு. ஆனால் அது பெருந்தெரு, மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. ஏ, பி தர வீதிகள் அவர்களுக்கு. சி, டி மாகாணத்துக்கு. மற்றவை பிரதேச சபைக்கு. உங்கள் வீட்டு வாசலில் இருப்பது எந்தத் தரம் என்று தெரியாமல் 500 கோடியைக் கேட்டுச் சந்தோசப்படாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், ஒதுக்கீடு காசு அல்ல.

பரந்தன், விவசாயி: இரணைமடுத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோற திட்டத்துக்கும் இப்பிடித்தான் கோடிக்கணக்கில...

இங்கே தொடங்கினால் விடியும். ஒன்று மட்டும்: வயலுக்குத் தண்ணீர் குறையும் என்ற விவசாயிகளின் பயத்தைக் கேட்காமல் திட்டம் வரைந்ததால்தான் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்துக்குப் போக வேண்டி வந்தது. அது 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. அது தனியாகப் பேச வேண்டிய விடயம்.

நல்லூர்: வைப்பு வட்டியில 10 வீதம்...

இது மூன்றாவது தடவை. சுயபிரகடனம். வங்கிக்குப் போங்கள்.

சுன்னாகம், வியாபாரி: வரியைக் குறைச்சா வியாபாரம் பெருகும், அரசாங்கத்துக்கும் வருமானம் கூடும். ஏன் குறைக்கமாட்டினம்?

குறைத்தார்கள். 2019 டிசம்பரில் வற் வரி 15 இல் இருந்து 8 வீதம் ஆனது. வருமான வரிவிலக்கு 5 இலட்சத்தில் இருந்து 30 இலட்சத்துக்குப் போனது. கொரோனாவும் சேர்ந்துகொண்டது. அரசின் வரி வருமானம் நாட்டு உற்பத்தியில் 8 வீதத்துக்கும் கீழே இறங்கியது. 2022 ஏப்ரல் 12 இல் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். அந்த வருடம் நீங்கள் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றிருப்பீர்கள்.

வருமானம் விழுந்தால் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வட்டியையும் வெட்ட முடியாது. முதலில் வெட்டுப்படுவது முதலீடுதான்: வீதி, மதகு, பாடசாலைக் கூரை. இப்போது 2024 இன் அரச நிதி முகாமைச் சட்டப்படி வட்டி தவிர்ந்த செலவு உற்பத்தியில் 13 வீதத்தைத் தாண்டக்கூடாது. ஆகவே சலுகை கேட்கும்போது எந்த மதகை விட்டுக்கொடுக்கிறோம் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். வரியே வேண்டாம் என்கிற கட்சியை நான் நம்பமாட்டேன்.

யாழ் நகரம்: நூலகத்துக்கு எவ்வளவு?

2025 பாதீட்டில் 10 கோடி.

அரியாலை: சோலைவரியில கழிவு இருக்கோ?

வீட்டுக்கும் காணிக்கும் சபைக்குக் கட்டுகிற சோலைவரியை முழு வருடத்துக்கும் ஜனவரி 31 க்கு முன் கட்டினால் 10 வீதம். காலாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் 5 வீதம். தயவுசெய்து கட்டுங்கள். உங்கள் சபைக்கு யாரையும் கேட்காமல் செலவழிக்கக்கூடிய காசு அதுதான்.

அளவெட்டி: உறுதி முடிக்க முத்திரைத் தீர்வை?

விற்பனை உறுதிக்கு முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். நன்கொடை உறுதிக்குக் குறைவு. நொத்தாரிசிடம் கேளுங்கள்.

வட்டுக்கோட்டை: கடைசியா ஒண்டு ஐயா. எங்கட ஒழுங்கைக்கு இந்த முறையும் மாரியிலதான் தார் ஊத்தினவை. நான் ஆரிட்டப் போய் என்ன கேக்கிறது?

2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பிரதேச சபை என்றால் சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு, சி, டி தர வீதி என்றால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு எழுதுங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டும். ‘எவ்வளவு ஒதுக்கினீர்கள்’ என்று கேட்டால் ஓர் அழகான தொகை வரும், அது உதவாது. நாலு திகதி கேளுங்கள்: எஸ்டிமேட் ஒப்பமான திகதி, விலைமனுக் கோரின திகதி, கட்டுநிதி கேட்ட திகதி, கட்டுநிதி கிடைத்த திகதி. முதல் இரண்டும் பிந்தியிருந்தால் பிழை இங்கே. கடைசி இரண்டுக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி இருந்தால் பிழை கொழும்பில். பதில் வந்ததும் இங்கே போடுங்கள், நான் வாசித்துச் சொல்கிறேன்.