300 மெகாஹெர்ட்ஸ் எங்கே போனது? (கடிதம்)

வணக்கம் சார்,

எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மூன்று பிசி547 டிரான்சிஸ்டர்களை இன்வெர்ட்டர்களாக்கி (உள்ளே வருவதைத் தலைகீழாக்கித் தரும் நிலைகள்) ரிங் ஆஸிலேட்டர் கட்டினேன், அதாவது மூன்று நிலைகளையும் வளையமாக இணைத்துத் தானாக அலை எழுப்பும் சர்க்யூட். 5 வோல்ட் சப்ளை, கலெக்டரில் 1 கிலோ ஓம், பேஸில் 10 கிலோ ஓம். டேட்டாஷீட்டில் எஃப்டி (டிரான்சிஸ்டரின் வேக எல்லை) 300 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. ஸ்கோப்பில் வருவதோ 0.7 மெகாஹெர்ட்ஸ். கடைக்காரர் போலியைக் கொடுத்துவிட்டாரா? 6 கிகாஹெர்ட்ஸ் பிஎஃப்ஆர்93ஏ வாங்கிப் போட்டால் சரியாகுமா? நிலைகளை ஐந்தாக்கினால்?

மூன்றாம் ஆண்டு மாணவன்

அன்புள்ள தம்பி,

கடைக்காரரைத் திட்டாதீர்கள். டிரான்சிஸ்டர் நன்றாகத்தான் இருக்கிறது.

வளையத்தை ஒரு மாற்றம் இரண்டு முறை சுற்றி வந்தால்தான் ஒரு முழு அலை. மூன்று நிலைக்கு ஆறு தாமதம். உங்கள் 0.7 மெகாஹெர்ட்ஸை வைத்துப் பார்த்தால் நிலைக்குச் சுமார் 240 நானோ செகண்ட். (ஐந்து நிலை என்றால் பத்து தாமதம், வேகம் இன்னும் குறையும். அதை விட்டுவிடுங்கள்.) எஃப்டி 300 என்பதிலிருந்து கணக்கிட்டால் பேஸைக் கடக்கும் நேரம் அரை நானோ செகண்டுதான் வருகிறது. 450 மடங்கு வித்தியாசம்.

எஃப்டி என்பது கரண்ட் கெயின் 1 ஆகிவிடும் அதிர்வெண். 10 மில்லி ஆம்பியர் ஓடவிட்டு, சாச்சுரேஷன் (தேவைக்கு மேல் பேஸ் கரண்ட் கொடுத்து முழுதாக ஆன் ஆன நிலை) பக்கமே போகாமல் அளந்தது. மூன்று நிலை வளையத்திலோ ஒவ்வொரு நிலையும் 60 டிகிரி பின்தங்கவும் வேண்டும், அந்த அதிர்வெண்ணில் கெயின் இல்லாமலும் போகக்கூடாது. ஆகவே 300 கனவு. ஆனால் 0.7 ரொம்பவே மோசம்.

குற்றவாளி உங்கள் 10 கிலோ ஓம். ஆன் ஆன டிரான்சிஸ்டரில் கலெக்டர் கரண்ட் 5 மில்லி ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. கெயின் 200 என்று வைத்தால் பேஸுக்கு 25 மைக்ரோ ஆம்பியர் போதும். நீங்கள் கொடுப்பது 390. மிச்சமெல்லாம் உள்ளே சார்ஜாகத் தேங்கிக் கிடக்கிறது. அணைக்க வேண்டிய நேரத்தில் முந்தைய நிலையின் கலெக்டர் 0.1 வோல்ட்டுக்கு இறங்கும், பேஸ் 0.7-இல் நிற்கும். அந்த 0.6 வோல்ட் 10 கிலோ வழியாக வெளியே இழுப்பது வெறும் 60 மைக்ரோ ஆம்பியர். பந்தியில் மூக்கு முட்டத் தின்றவனை உடனே எழுந்து ஓடச் சொல்கிறீர்கள்!

பிஎஃப்ஆர்93ஏ போட்டாலும் இதே சர்க்யூட்டில் அதுவும் சாச்சுரேஷனுக்குத்தான் போகும். போதாக்குறைக்கு பிரெட்போர்டின் நீளமான ஒயர்களோடு சேர்ந்து நீங்கள் கேட்காத ஏதோ ஒரு அதிர்வெண்ணில் தானாகப் பாடத் தொடங்கும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் 2என்2369 தேடுங்கள். எஃப்டி 500 மெகாஹெர்ட்ஸ்தான், ஆனால் ஸ்விட்சிங்குக்கென்றே தங்கம் கலந்து செய்தது. தேங்கிய சார்ஜ் வெளியேற அதிகபட்சம் 13 நானோ செகண்ட்.

செலவில்லாத வழி, 10 கிலோவுக்கு இணையாக 47 பிகோஃபாரட் கப்பாசிட்டர் போடுவது. அடுத்தது, பேஸிலிருந்து கலெக்டருக்கு ஒரு ஷாட்கி டையோடு. கலெக்டர் 0.35 வோல்ட்டுக்குக் கீழே இறங்கப் பார்த்தால் உபரி பேஸ் கரண்டை டையோடு கலெக்டருக்குத் திருப்பிவிடும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. டிரான்சிஸ்டர்களை ஜோடி ஜோடியாக எமிட்டரில் இணையுங்கள். உங்களிடம் இருக்கும் அதே 1 கிலோ ஓமை எமிட்டரிலிருந்து கிரவுண்டுக்குக் கட்டுங்கள். அங்கே 4.3 வோல்ட் இருக்கும், ஆக 4.3 மில்லி ஆம்பியர். கலெக்டர்களில் 100 ஓம். பேஸ் ரெசிஸ்டரே வேண்டாம், ஒரு ஜோடியின் கலெக்டர்களை நேராக அடுத்த ஜோடியின் பேஸ்களுக்குக் கொடுங்கள். பேஸ்களுக்கிடையே 100 மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தால் கரண்டில் 98 சதவீதம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கலெக்டர் 0.43 வோல்ட் மட்டுமே இறங்குவதால் சாச்சுரேஷன் எட்டிப் பார்க்காது. இதே பிசி547-இல் சில பத்து மெகாஹெர்ட்ஸ் எதிர்பார்க்கலாம். ஓரிடத்தில் இரு ஒயர்களைக் குறுக்காக மாற்றினால் நான்கு நிலை வளையம்கூட ஓடும்.

1956-இல் ஐபிஎம்மின் ஹானன் யூர்க் கொண்டுவந்த உத்தி இது. பின்னாளில் இசிஎல் (எமிட்டர் கப்புள்டு லாஜிக்) என்று பெயர் பெற்றது. கரண்ட் ஒரு கணமும் நிற்காது, பக்கம் மட்டும் மாறும். அதனால் சூடு. இசிஎல் சில்லுகளால் ஆன கிரே-1 சூப்பர்கம்ப்யூட்டர் 80 மெகாஹெர்ட்ஸில் ஓட 115 கிலோவாட் தின்றது, ஃப்ரீயான் வைத்துக் குளிர்வித்தார்கள்.

ஸ்கோப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இப்படி ஒரு வளையம் கணக்குக்கு வராமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். சாயங்காலம்தான் பார்த்தேன், ஸ்கோப்பின் புரோப் 1எக்ஸில் (சிக்னலைக் குறைக்காமல் அப்படியே அனுப்பும் நிலை) இருந்தது. கிட்டத்தட்ட 100 பிகோஃபாரட்டை நானே கலெக்டரில் தொங்கவிட்டிருக்கிறேன். பத்தில் ஒன்றாகக் குறைக்கும் 10எக்ஸிலும் பத்துப் பதினைந்து பிகோஃபாரட் உண்டு. வளையத்துக்கு வெளியே ஓர் எமிட்டர் ஃபாலோயர் (புரோபின் சுமையை வளையத்தின் மேல் விழாமல் தாங்கும் டிரான்சிஸ்டர்) வைத்து அதன் எமிட்டரில் அளந்து பாருங்கள்.

முதலில் பழைய சர்க்யூட்டில் ஷாட்கி டையோடை மட்டும் போட்டு, கலெக்டர் அலைவடிவத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். தாழ்நிலை 0.1-இல் நிற்கிறதா, 0.35-இல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுவோம்.