விலை கேட்பதற்கு முன் வேலையைச் சொல்லுங்கள்

கேள்வி: ஆறு மாதத்தில் எங்கள் மகளுக்குத் திருமணம். புகைப்படம், சமையல், அலங்காரம் மூன்றுக்கும் பல பேரிடம் விலை விசாரித்தோம். ஒரே வேலைக்கு ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதைப்போல் இரண்டு மடங்கு இருக்கிறது. மிகக் குறைவாகச் சொன்ன புகைப்படக்காரர் முழுப் பணத்தையும் இப்போதே கேட்கிறார். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: முழுப் பணத்தையும் இப்போது கொடுக்காதீர்கள். முன்பணம் கேட்பது நியாயம்தான். உங்களுக்காகத் தேதியை ஒதுக்குகிறவர் அந்த நாளில் வரும் வேறு வேலையை விட்டுவிடுகிறார். ஆனால், ஒரு பங்காவது வேலை முடிந்த பிறகு கொடுப்பதாக இருக்கட்டும்; புகைப்படக்காரருக்கு ஆல்பம் உங்கள் கைக்கு வந்த பிறகு. இதற்கு அவர் உடன்படவில்லையென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேறு ஆளைப் பாருங்கள்.

விலை இரண்டு மடங்கு வேறுபடுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேலையை மனத்தில் வைத்துக்கொண்டு விலை சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் கணக்கில் ஒரே ஆள், ஆறு மணி நேரம். இன்னொருவர் கணக்கில் மூன்று பேர், நாள் முழுவதும், ஆல்பமும் சேர்த்து. தேதி, இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், விருந்தினர் எண்ணிக்கை, என்னென்ன கைக்கு வர வேண்டும், எப்போது வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதே தாளை எல்லோரிடமும் கொடுத்து மறுபடி விலை கேளுங்கள். அதற்குப் பிறகுதான் ஒப்பிட முடியும்.

மூன்றில் புகைப்படத்துக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். போன நாளைத் திரும்ப எடுக்க முடியாது. அவர்கள் காட்டும் மாதிரி ஆல்பத்தில் பல திருமணங்களிலிருந்து பொறுக்கி எடுத்த படங்கள் இருக்கும். ஒரே திருமணத்தின் முழுத் தொகுப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வெளிச்சம் குறைந்த இடத்தில் முகங்கள் எப்படி இருக்கின்றன? குழுப்படத்தின் ஓரத்தில் நிற்கும் பாட்டியின் கண்கள் தெளிவாகத் தெரிகின்றனவா? அலங்காரம் செய்த மணமக்களை யாரும் நன்றாக எடுப்பார்கள். கைத்திறன் தெரிவது அந்த ஓரத்தில்தான். பிறகு, "அன்றைக்குக் கேமராவைப் பிடிக்கப்போவது நீங்களா, வேறு ஆளா?" என்று நேராகக் கேளுங்கள். வேறு ஆள் என்றால் அவர் எடுத்த படங்களைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, பலர் கேட்க மறப்பது. எனக்கு நெருங்கிய ஒருவரின் திருமணத்தில் மெமரி கார்டு பழுதாகி, காலையில் எடுத்த படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு கார்டுகளில் பதியும் கேமராக்கள் இருக்கின்றன. அவரிடம் இருப்பது அப்படிப்பட்டதா என்று கேளுங்கள். படங்களுக்கு 3 பிரதிகள், 2 வகைச் சேமிப்பில், அதில் 1 வேறு இடத்தில் என்பது கணினித் துறையில் நிலைபெற்ற வழக்கம். அதைக் கடைப்பிடிப்பவர் கேட்ட உடனே விளக்குவார்.

சமையலில், பத்துப் பேருக்குச் செய்து தரும் மாதிரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் எண்ணிக்கைக்கு நெருங்கிய ஒரு விருந்தில் அவர் வேலை செய்வதை, அங்குள்ளவர்களின் அனுமதியோடு போய்ப் பாருங்கள். சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். இறுதி எண்ணிக்கையை எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும், கூடுதலாகச் சாப்பிட்டவர்களை யார் எண்ணுவது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். மனத்தாங்கல் வருவது பெரும்பாலும் இந்த எண்ணிக்கையில்தான்.

அலங்காரத்துக்குச் சுருக்கமாக: உண்மைப் பூவா, செயற்கைப் பூவா, எத்தனை மணிக்கு உள்ளே வந்து எத்தனை மணிக்குப் பிரித்து முடிப்பார்கள், அவர்களுடைய விளக்குகளை மண்டபத்தின் மின்சாரம் தாங்குமா.

பேசியதெல்லாம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்கட்டும். தேதி மாறினால் முன்பணம் என்ன ஆகும், அவர் வர முடியாமல் போனால் யார் வருவார், நேரம் நீண்டால் எவ்வளவு கூடுதல் என்ற மூன்றும் அதில் கட்டாயம் வேண்டும். அவரிடம் முன்பு வேலை வாங்கியவர்களிடம் பேசும்போது "நன்றாகச் செய்தாரா?" என்று கேட்டால் ஆம் என்றுதான் பதில் வரும். "அன்று ஏதாவது தவறியதா, தவறியபோது அவர் என்ன செய்தார்?" என்று கேளுங்கள்.