உதவித்தொகை 22ஆம் தேதியே தீர்ந்துவிடுகிறது, வார இறுதிப் பயணங்களை நிறுத்திவிடவா?

கேள்வி: எனக்குத் திண்டுக்கல். சீன அரசு உதவித்தொகையில் நான்ஜிங்கில் முதுகலை முதலாம் ஆண்டு படிக்கிறேன். கல்விக் கட்டணமும் விடுதியும் இலவசம், மாதம் 3,000 யுவான் கைக்கு வருகிறது. ஆனாலும் 22ஆம் தேதிக்கு மேல் கணக்கில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அப்பா மாதம் 10,000 ரூபாய் என் இந்தியக் கணக்கில் போடுகிறார், அந்த டெபிட் கார்டை அலிபே பணச் செயலியில் இணைத்துத்தான் மாதக் கடைசியை ஓட்டுகிறேன். சனி, ஞாயிறானால் வகுப்புப் பிள்ளைகள் எங்காவது கிளம்பிவிடுவார்கள், போகாவிட்டால் அறையில் தனியாக உட்கார வேண்டும். ஒரு சீனியர், தன் இந்திய எண்ணுக்கு ஜிபேயில் ரூபாய் போட்டால் வங்கியைவிட நல்ல ரேட்டில் வீசாட்டில் யுவான் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் ஞாயிறுதோறும் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரக் கூப்பிடுகிறார், மணிக்கு 150 யுவான். இதில் எதைச் செய்யலாம், இல்லை ஊர் சுற்றுவதை நிறுத்துவதுதான் வழியா? போன மாதக் கணக்கை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: ஊர் சுற்றுவதை நிறுத்தாதீர்கள். சீனியர் சொல்வதும் வேண்டாம், ஞாயிறு வேலையும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், ஆனால் முதலில் உங்கள் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் கோளாறு நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை.

நீங்கள் அனுப்பியதைக் கூட்டினால் 3,760 யுவான் வருகிறது. கேன்டீன் 750, மெய்துவானில் வரவழைத்த சாப்பாடு 620, பால் டீயும் காபியும் 390, தாவ்பாவ் ஆன்லைன் கடையில் 480, ஷாங்காய் பயணத்தையும் சேர்த்து வார இறுதி 1,100, மெட்ரோவும் போனும் 120, மற்றவை 300. இதில் 1,100தான் கண்ணில் குத்துகிறது, அதனால் அதை வெட்டலாம் என்று தோன்றியிருக்கும். ஆனால் மெய்துவான், டீ, தாவ்பாவ் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள், 1,490. ஷாங்காய் போய்வந்ததைப் பத்து வருடம் கழித்தும் நினைத்துப் பார்ப்பீர்கள். புதன்கிழமை இரவு பத்து மணிக்கு வரவழைத்த நூடுல்ஸ் அடுத்த புதன்கிழமைகூட நினைவில் இருக்காது. கையிலிருந்து நோட்டு போனால் மனம் ஒரு நொடி தயங்கும், க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போது அந்தத் தயக்கம் வருவதில்லை. 12 யுவான், 15 யுவான் என்று போவது நமக்குப் பணமாகவே தெரிவதில்லை, ஆனால் ஒரு யுவானை 12 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அந்த 15 யுவான் டீ 180 ரூபாய். திண்டுக்கல்லில் 180 ரூபாய்க்கு டீ குடிப்பீர்களா?

அதற்காக டீயே கூடாது என்று சொல்லவில்லை. கேன்டீன் செலவை 900 ஆக உயர்த்துங்கள், அதாவது இரவுச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், மெய்துவானை 200க்கு இறக்குங்கள். டீ, காபிக்கு 150, தாவ்பாவுக்கு 250. தாவ்பாவில் கூடையில் போட்டதை மூன்று நாள் அப்படியே விட்டுவிட்டு அப்புறம் திறந்து பாருங்கள், பாதி வேண்டாம் என்று தோன்றும். மற்றவை 250, மெட்ரோ, போன் அதே 120. வார இறுதிக்கு 800 வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 2,670, மீதி 330. அப்பாவின் பணம் ஒரு ரூபாய்கூட இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இது கையில் நிற்க ஒரு ஏற்பாடு வேண்டும். உதவித்தொகை விழுகிற உங்கள் சீன வங்கிக் கார்டை அலிபேயில் வைத்திருக்கிறீர்கள், அது வார நாட்களுக்கு. பணம் வந்த அன்றே 800 யுவானை வீசாட் இருப்புக்கு மாற்றிவிடுங்கள், சனி, ஞாயிறு செலவெல்லாம் வீசாட்டில் மட்டும். வார நாள் செலவு வார இறுதிப் பணத்தைத் தின்னாது. மூன்றாவது வாரம் வீசாட்டில் 90 யுவான்தான் இருக்கிறது என்றால், எங்கே போகலாம் என்று நண்பர்களிடம் சொல்வது நீங்களாக இருங்கள்.

நீங்கள் இருக்கிற ஊரோ இதற்கு அருமையான ஊர். சுன் யாட்-சென் நினைவிடத்தின் 392 படிகள் ஏற அனுமதி இலவசம், முன்பதிவு மட்டும் வேண்டும், திங்களன்று மூடியிருக்கும். ஷுவான்வு ஏரி இலவசம், நான்ஜிங் அருங்காட்சியகம் இலவசம். 1968இல் திறந்த யாங்சி ஆற்றுப் பாலத்தில் மாலை நேரம் நடந்துவிட்டு வரலாம். ஜிமிங் கோயிலுக்குக் கட்டணம் சொற்பம்தான், வசந்தத்தில் அந்தத் தெரு முழுக்கச் செர்ரிப் பூ. ஜிஜின் மலையில் ஏறி இறங்க ஒரு தண்ணீர் பாட்டில் போதும். வெளியூர்தான் போக வேண்டும் என்றால் ஜென்ஜியாங் இருக்கிறது, அதிவேக ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது, போக வரச் சேர்த்தே சுமார் 60 யுவான், ஷிஜின் படகுத்துறையின் பழைய தெருவில் நாள் முழுக்கச் சுற்றலாம்.

ஷாங்காய்க்கு 680 யுவான் ஆனது பெரிய தொகைதான், ஆனால் குறைக்க வழி இருக்கிறது. ஜி எழுத்தில் தொடங்கும் அதிவேக வண்டிக்குப் போக வர 280 கொடுத்திருக்கிறீர்கள். வேகம் குறைந்த கே எழுத்து வண்டியில் உட்கார்ந்து போகும் டிக்கெட் ஒரு வழிக்கு 50 யுவானுக்குள் கிடைக்கும், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், நாலு பேர் சேர்ந்து போனால் அது ஒரு குறையே இல்லை. கோபுரத்தில் ஏறியதற்கும் மற்றதற்கும் 230 போயிருக்கிறது. ஹுவாங்பு ஆற்றைக் கடக்கும் சாதாரணப் படகுக்கு 2 யுவான்தான், அதிலிருந்து இரண்டு கரையின் விளக்குகளும் தெரியும். ஒன்று மட்டும், அக்டோபர் 1 தேசிய தின விடுமுறையில் இந்தப் பயணத்தை வைக்காதீர்கள், அறை வாடகை எகிறிவிடும். ரயில் டிக்கெட்டை ரத்து செய்தால் எட்டு நாளுக்கு முன் என்றால் பிடித்தம் இல்லை, கடைசி 24 மணி நேரத்தில் என்றால் 20 சதவீதம் போய்விடும், அதனால் வருவது சந்தேகம் என்று சொல்கிறவருக்குச் சேர்த்து டிக்கெட் போட்டுவிட்டு நஷ்டப்படாதீர்கள்.

இப்போது நீங்கள் கவனிக்காத ஓட்டை. நால்வருக்குமான ஹோட்டல் அறை 680 யுவானை உங்கள் இந்தியக் கார்டில் கட்டி, அப்புறம் ஆளுக்கு 170 வாங்கியிருக்கிறீர்கள். வெளிநாட்டுக் கார்டில் ஒரு பரிவர்த்தனை 200 யுவானைத் தாண்டினால் அலிபே 3 சதவீதம் எடுக்கும், அது 20 யுவான். உங்கள் வங்கி அந்நியச் செலாவணிக்கென்று 3.5 சதவீதம் போட்டால் இன்னொரு 24, அதன்மேல் ஜிஎஸ்டி. கிட்டத்தட்ட 48 யுவானை நீங்கள் மட்டும் சுமந்திருக்கிறீர்கள், அதில் வங்கி எடுத்தது அலிபே கணக்கில் தெரியவும் தெரியாது. இனி யார் சீன வங்கிக் கார்டில் கட்டுகிறாரோ அவர் புக் செய்யட்டும், வீசாட் குழுவிலேயே பங்கு பிரித்து வசூலிக்கும் வசதி இருக்கிறது. சீனப் பிள்ளைகள் ‘ஏஏ’ என்று சொல்லிக்கொண்டு 7 யுவானைக்கூடப் பிரித்துக்கொள்வார்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், நீங்களும் கூச்சப்பட வேண்டாம்.

சீனியர் விஷயத்துக்கு வருகிறேன், இதை இரண்டு முறை படியுங்கள். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் வீசாட்டில் தருகிற யுவான் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது, பல நேரம் அவருக்கே தெரியாது. மோசடிப் பணம் இப்படித்தான் கை மாறி வரும், போலீஸ் அதன் தடத்தைப் பிடித்து வரும்போது வழியில் இருக்கிற கணக்குகளை முடக்கும், அதில் உங்கள் கணக்கும் இருந்தால் உதவித்தொகையும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். வங்கிக்கு வெளியே இப்படி மாற்றுவது சீனத்திலும் சட்டவிரோதம், இந்தியாவில் ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டப்படியும் தவறு. யாராவது உங்கள் வங்கிக் கார்டையோ வீசாட் கணக்கையோ ‘ஒரு வாரத்துக்கு மட்டும்’ என்று கேட்டால் அதற்கும் கண்டிப்பாக முடியாது என்று சொல்லுங்கள்.

ஞாயிறு வேலையும் அப்படித்தான். படிப்புக்கான குடியிருப்பு அனுமதியில் இருப்பவர், பல்கலைக்கழகத்தின் சம்மதமும் அனுமதிச் சீட்டில் அதற்கான குறிப்பும் இல்லாமல் வேலை செய்தால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், தீவிரமானால் 5 முதல் 15 நாள் காவல். மணிக்கு 150 யுவானுக்காக முழு உதவித்தொகையையும் பணயம் வைக்காதீர்கள். வேலை செய்ய ஆசை இருந்தால் முதலில் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள், அவர்கள் முடியும் என்றால் முறையாகக் குறிப்பு வாங்கிக்கொண்டு செய்யலாம்.

உண்மையிலேயே பணம் தேவைப்படும் மாதமும் வரும். அப்போது அப்பா தன் வங்கிக் கிளை வழியாக உங்கள் சீனக் கணக்குக்கு நேராக அனுப்பட்டும். ஒவ்வொரு முறைக்கும் ஒரு கட்டணம் உண்டு, அதனால் மாதாமாதம் சிறிதாக அனுப்பாமல் ஒரே தடவையாக அனுப்புவது லாபம். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வரியும் (டிசிஎஸ்) இல்லை.

மிஞ்சும் 330 யுவான் பத்து மாதத்தில் 3,300, சுமார் 40,000 ரூபாய். அதைத் தொடாதீர்கள், வீட்டில் ஏதாவது அவசரம் என்றால் சென்னைக்கு விமானம் ஏற வைத்திருக்கும் பணம் அது. அப்பாவிடம் இந்த வாரமே பேசுங்கள்: இனி மாதம் 10,000 அனுப்ப வேண்டாம், அதைத் தபால் நிலையத்தில் தொடர் வைப்பாகப் போடச் சொல்லுங்கள். போன மாதக் கணக்கையும் அவரிடம் காட்டுங்கள், மெய்துவான் 620 உட்பட. மகள் அங்கே எப்படி இருக்கிறாள் என்று தெரியாமல்தான் அவர் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.