முதலில் சுவர், பிறகுதான் சுதை

தம்பி, கோபுரங்களில் சுதை வேலை செய்யும் அப்பாவிடம் கைபழகியதாகவும், ஜெர்மனியின் பவேரியாவில் ஷ்டுக்காட்டோர் (பூச்சு, சுதை வேலைக்காரர்) பயிற்சிக்கு இடம் கிடைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். தேவாலயங்களில் பூவும் தேவதையும் செய்ய விடுவார்களா, சுவர் பூசியே காலம் போய்விடுமா என்பது உங்கள் கேள்வி. பதினெட்டு வருடமாக இதே தொழிலில் இருக்கிறேன். உள்ளதைச் சொல்கிறேன்.

முதலில் சுவர்தான். 3 ஆண்டுப் பயிற்சியில் பெரும்பகுதி பூச்சு வேலை, ஜிப்சம் பலகைத் தடுப்பு, வெளிச்சுவருக்குக் குளிர்காப்பு ஒட்டுவது. தேர்ச்சி பெற்று நான்கு வருடம் கழித்துத்தான் பழைய தேவாலயம் ஒன்றின் சாரத்தில் ஏறினேன். முதல் குளிர்காலத்திலேயே ஊர் திரும்ப நினைத்தவன் நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுதை வேலைக்குப் பேர்போன பவேரியாவின் வீஸ் தேவாலயத்துக்குப் போனேன். அன்றோடு அந்த நினைப்பு போயிற்று.

அதைக் கட்டிய டொமினிகுஸ் சிம்மர்மான் (1685–1766) சுதைக்காரராகத் தொழிலைத் தொடங்கியவர். 1745-இல் வேலையை ஆரம்பித்தபோது அவருக்கு வயது அறுபது. மேலே தெரிவது கல் வளைவு அல்ல. கூரை மரங்களோடு பிணைத்த மரச்சட்டத்தின் மேல் பூசிய சாந்து. அதில் அவருடைய அண்ணன் யோஹான் பாப்டிஸ்ட் ஓவியம் தீட்டினார். ஓவியம் எங்கே முடிகிறது, சுதை எங்கே தொடங்குகிறது என்று கீழே நின்று பார்த்தால் பிடிபடாது. பணி 1754-இல் முடிந்தது. டொமினிகுஸ் அந்த இடத்தை விட்டுப் போக மனமின்றிப் பக்கத்திலேயே வீடு கட்டிக் கடைசிவரை வாழ்ந்தார். இந்த ஒரு செய்திக்காகவே அவர்மீது எனக்குத் தனி மரியாதை.

சகோதரர்களின் ஊர் பவேரியாவின் வெஸ்ஸோபுருன். அந்த வட்டாரத்து ஆண்கள் வசந்தத்தில் கரண்டியோடு புறப்பட்டு, ஊர் ஊராகத் தேவாலயங்களிலும் அரண்மனைகளிலும் வேலை செய்து, குளிர் இறங்கும்போது வீடு திரும்புவார்கள். அப்பாவும் பிள்ளையும் அண்ணனும் தம்பியும் ஒரே சாரத்தில். கோபுரத் திருப்பணிக்குப் போகும் குழுக்களைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1770-இல் பவேரிய அரசு கிராமத் தேவாலயங்களில் மிகை அலங்காரத்துக்குத் தடை போட்டது. 1803-இல் மடங்களும் கலைக்கப்பட்டன. அதோடு அவர்களுடைய பிழைப்பும் ஒடுங்கியது.

அப்பாவிடம் கற்ற சுண்ணாம்பு அறிவு இங்கே நிச்சயம் உதவும். ஜிப்சம்தான் ஏமாற்றும், கால் மணி நேரத்தில் இறுகிவிடும். அதனால் கையால் உருவம் பிடிக்கும் இடத்தில் சுண்ணாம்பும் மணலும் சேர்ப்பார்கள். பசைநீர் விட்டால் இறுகுவது இன்னும் தாமதமாகும். தேவாலயத் தூண்கள் பலவற்றில் பளிங்கு என்று தோன்றுவதும் ஜிப்சமே. நிறப்பொடியும் பசைநீரும் விட்டு மாவுபோல் பிசைந்து, வெட்டி ஒட்டி, பலமுறை தேய்த்து மெருகேற்றியது. தொட்டுப் பாருங்கள், நிஜப் பளிங்கின் குளிர்ச்சி இருக்காது.

மொழியை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். வகுப்பில் கற்கும் ஜெர்மன் வேறு, சாரத்தில் கேட்கும் பவேரிய வழக்கு வேறு. “கலவை இறுகுகிறது” என்று மேஸ்திரி கத்தியது புரியாமல் ஒரு தொட்டிச் சாந்தைப் பாழாக்கியிருக்கிறேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அந்த நிறுவனத்திடம் ஒன்றைக் கேளுங்கள்: பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் வேலை எடுக்கிறார்களா? இல்லையென்றால், இருக்கிற இடத்தை விட்டுவிடாமல், அப்படிப்பட்ட வேறொரு நிறுவனத்துக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். அப்பாவோடு செய்த வேலைகளின் படங்களையும் மறக்காமல் இணைத்து அனுப்புங்கள்.