கார்பன் குவாண்டம் புள்ளிகள் ஏன் ஒளிர்கின்றன? அந்த ஆற்றல் பக்கத்து மூலக்கூறுக்கு எப்படிப் போகிறது?

கார்பன் குவாண்டம் புள்ளி என்பது பொதுவாக 10 நானோமீட்டருக்கும் சிறிய கரித்துகள். 2004-இல் கார்பன் நானோகுழாய்களைச் சுத்தம் செய்யும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது. சிட்ரிக் அமிலத்தையும் யூரியாவையும் நீரில் கரைத்து நன்றாகச் சூடாக்கினாலே கிடைக்கும். அந்தப் பழுப்புக் கரைசலை நீர்க்கச் செய்து, கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை அடித்தால் நீலமாகவோ பச்சையாகவோ ஒளிரும். (அம்மோனியா வாடை வரும், சமையலறையில் வேண்டாம்!)

புற ஊதா ஒளியை வாங்கிய எலக்ட்ரான் மேல்நிலைக்கு ஏறி, சில நானோநொடிகளில் இறங்கிவிடுகிறது. வழியில் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகப் போய்விடும். மீதிதான் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி. நிறத்தைத் துகளின் அளவு மட்டும் முடிவு செய்வதில்லை. மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜன், நைட்ரஜன் தொகுதிகளுக்கும் பங்கு உண்டு.

சரி, பக்கத்தில் பொருத்தமான சாய மூலக்கூறு இருந்தால்? புள்ளி மங்கும், சாயம் ஒளிரும். கட்டட வேலையில் செங்கல்லைக் கைமாற்றுவது போல: கைக்கெட்டும் தூரத்தில் ஆள் நிற்க வேண்டும், வாங்க அவர் கை காலியாக இருக்க வேண்டும். இங்கே அந்தத் தூரம் ஏறத்தாழ 1 முதல் 10 நானோமீட்டர். இடைவெளி இரட்டித்தால் பரிமாற்ற வேகம் 64-இல் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் மூலக்கூறுகளுக்கு இடையிலான தூரத்தை அளக்கவே இதைப் பயன்படுத்துகிறார்கள்.

புள்ளி ஒளியை உமிழ, சாயம் அதைப் பிடித்துக்கொள்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, நடுவில் ஒளியே வெளிவராமல் மின்புல இணைப்பு (புள்ளியின் மின்புலம் சாயத்தின் எலக்ட்ரானைத் தூண்டுவது) வழியாகத்தான் ஆற்றல் நேரடியாக மாறுகிறது.