மூடிய ஷெட்டில் காரை ஓடவிட்டு வேலை பார்த்தால் தலை சுற்றுவது ஏன்?

ஷட்டரை இறக்கிவிட்டு, அப்பாவின் பழைய பத்மினி காரை ஓடவிட்டுக் கார்புரேட்டரைச் சரிசெய்தபோது தலைவலியும் குமட்டலும் வந்தன, பெட்ரோல் நெடிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் கிடையாது. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இல்லாத அந்தக் காலத்துக் கார்களின் புகையில் இது ஏராளம்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஆக்சிஜன் அளவு 98 சதவீதம் என்று காட்டினாலும் தயவுசெய்து நம்பாதீர்கள். ஹீமோகுளோபினைப் பற்றியிருப்பது ஆக்சிஜனா, கார்பன் மோனாக்சைடா என்று பிரித்தறிய அதற்குத் தெரியாது. என் சித்தப்பா இப்படித்தான், கையில் ஸ்பேனரோடு பானட்டின் மேல் சாய்ந்து கிடந்தார். வெளியே இழுத்துவந்து 108-ஐ அழைத்தோம்; முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுத்த பிறகே தெளிந்தார்.

இன்றே மருத்துவரிடம் போங்கள். புகையில் இருந்ததை முதலில் சொல்லுங்கள். வெறும் காற்றில் இந்த வாயு இரத்தத்தில் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரமாகும்.